சோப்பைச் சுற்றி வந்த சாம்பியன்கள்

எங்கள் வீட்டுக்கு கோல்ஃப் சோப்பு வாசனையோடுதான் வந்தது.

அக்காவுக்குக் கல்யாணமான வருஷமே அத்தான் குவைத்துக்குப் போய்விட்டார். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே அவருக்கு வேலை. மைதானம் என்றதும் பச்சைப் பசேலென்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு புல் கிடையாது, எல்லாம் மணல். குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கூட்டம் ஆடிவிட்டு நகர்ந்ததும் அதில் பதிந்த கால்தடங்களையெல்லாம் இழுத்துச் சமமாக்க வேண்டும். அதுதான் அத்தானின் உத்தியோகம். ஆட வருகிற ஒவ்வொருவரும் ஒரு பச்சை விரிப்பைக் கையோடு கொண்டுவருவார்களாம். பிளாஸ்டிக் புல், முழ நீளம் இருக்கும். பந்து எங்கே போய் விழுகிறதோ அங்கே அதைப் போட்டு, மேலே பந்தை வைத்து அடித்துவிட்டு, மறுபடி அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியது.

"புல்லையும் சொமந்துக்கிட்டா வெளையாடுதான்?" என்று அம்மா கேட்டாள். அதற்கப்புறம் அந்த விளையாட்டின் மேல் அவளுக்கு மரியாதையே வரவில்லை.

லீவில் ஊருக்கு வருகிற ஆட்களிடம் அத்தான் சாமான் கொடுத்துவிடுவார். சோப்பு, சென்ட், தைலம், பால் பவுடர். ஒவ்வொன்றையும் பழைய கோல்ஃப் பத்திரிகையின் தாளில் சுற்றியிருப்பார். அங்கே ஆடுகிற வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போவது. அம்மா சோப்பை எடுத்துக்கொள்வாள், அக்கா சென்ட்டை எடுத்துக்கொள்வாள், நான் தாளை எடுத்துக்கொள்வேன். ராஜபாளையத்தில் காலேஜில் சேர்ந்த புதிது. கையில் எது அகப்பட்டாலும் கடைசி வரிவரை படித்துவிட்டு அதைப் பற்றி யாரிடமாவது சண்டை போட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

கோல்ஃபை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வருஷத்துக்கு நான்கு பெரிய போட்டிகள் உண்டு, அவற்றுக்கு மேஜர் என்று பெயர், ஒருவர் எத்தனை மேஜர் ஜெயித்தார் என்பதை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சென்ட் பாட்டிலைச் சுற்றி வந்த தாளில் இரண்டு சாம்பியன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எந்த வருஷம் எந்த மேஜரில் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. ஒருவர் எங்கள் காலத்து ஆள், இன்னொருவர் எங்கள் தாத்தா காலத்து ஆள். புதியவரின் கட்டங்கள் நிறைந்து வழிந்தன. பழையவரின் கட்டங்களில் பாதி வெறும் கோடு. கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்திருக்க வேண்டும். ஆனால் பாட்டில் அளவுக்கு அத்தான் தாளின் அடியைக் கத்தரித்துவிட்டிருந்தார்.

எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து கிடையாது, எல்லாம் கேசட்தான். அவர் அங்கே பேசிப் பதிந்து அனுப்புவார். நாங்கள் கூடத்தில் டூ இன் ஒன்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம், பிறகு பதிலுக்குப் பேசி அனுப்புவோம். அம்மா பேசுவாள், அப்பா கனைத்துவிட்டு "எல்லாரும் சௌக்கியம்" என்பார், அக்கா ரொம்ப நேரம் பேசுவாள். மிச்சம் இருக்கிற நாடா எனக்கு. அந்த மிச்சத்தில் நானும் அத்தானும் சாம்பியன்களை வைத்துச் சண்டை போட்டோம். எனக்குப் புதியவர், அவருக்குப் பழையவர்.

"ஏட்டி கொழுந்தியா," என்பார் அத்தான், பின்னால் காற்று இரைகிற சத்தத்தோடு. "ஒன் ஆளு ஏரோபிளேன்ல பறந்து போயி ஆடுனவரு. என் ஆளு இங்கிலாந்துப் போட்டிக்குப் போகணும்னா கப்பல்ல போவணும். போயி வரவே மாசம் ஓடிப்போவும். ஜெயிச்சாலும் பரிசு டிக்கெட்டுக்குக் காணாது. அதான் போகல. போகாதவனுக்கு எப்படிட்டி மார்க்கு போடுவ?"

நான் விடுவேனா. "அத்தான், கப்பல் கதையெல்லாம் ஒரு மேஜருக்குத்தான் ஆவும். மத்ததெல்லாம் அவிய சொந்த நாடு அமெரிக்காவுலதானே நடந்துச்சு? தாளு எங்கிட்ட இருக்கு. நடுவுல தொடர்ந்தாப்ல கோடு கோடாக் கெடக்கு. அம்புட்டுப் பெரிய ஆளுன்னா எதுக்கு அத்தான் கோடு? தோத்துப்போயி வீட்டுல படுத்துட்டாரா?"

பதிந்து முடித்ததும் அக்கா முறைத்தாள். "கேசட்டுல பாதி அந்தக் குச்சி வெளையாட்டுலயே போயிருது. எம் புருசன் சாப்பிட்டானான்னு கேக்க எடமில்ல."

"நீ கேட்டா அத்தான் சாப்பிட்டேன்னு பொய்தான் சொல்லுவாங்க. எங்கிட்டதான் உண்மை பேசுவாங்க."

அக்காவின் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் பிறக்குமுன்பே போன மனுஷர், திரும்பி வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் டூ இன் ஒன்னுக்குள் குடியிருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் தன் அம்மா அழுவாள் என்பதையும், எந்தப் பொத்தானை அமுக்கினால் அவர் பேச்சு நிற்கும் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

கடைசியாக வந்த கேசட்டில் அத்தான் ஒரு செய்தி சொன்னார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் தன் பச்சை விரிப்பை இவரிடம் கொடுத்துவிட்டாராம். "ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வாரப்ப கொண்டாறேன். அதுல நின்னு பேசு, அப்பத்தான் ஒன் பேச்சுக்கு ஒரு மதிப்பு."

அதற்கு நாங்கள் அனுப்பிய கேசட்டில்தான் என்னுடைய கோடு கேள்வி போனது. பதிலுக்கு நான் காத்திருந்தபோது, ஆகஸ்டில் ஒரு நாள் காலை, குவைத்துக்குள் ஈராக் ராணுவம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா சவரம் பாதியில் நிற்க எழுந்து வந்து ரேடியோவைத் திருகினார்.

எஸ்.டி.டி. பூத்தில் லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை, அடுத்த வாரமும் கிடைக்கவில்லை. தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாலைவனம் வழியாக நடந்தே தப்பிக்கிறார்கள் என்றார் ஒருவர். நடுவழியில் தண்ணீரில்லாமல் விழுகிறார்கள் என்றார் இன்னொருவர், அக்கா நிற்கிறாள் என்பதைக்கூடப் பார்க்காமல். அக்கா அழவில்லை. பழைய கேசட்டையெல்லாம் எடுத்து வரிசையாகப் போட்டுக் கேட்டாள். முன்பு என் சண்டை வரும் இடத்தை ஓட்டிவிடுவாள். இப்போது கப்பல், ஏரோபிளேன், மார்க்கு எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டாள். தட்டில் சோறு காயும். குழந்தை வந்து பொத்தானை அமுக்கும். அக்கா மறுபடி போடுவாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். ஒரு நாள் கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்த வருஷங்களைப் படித்தேன். கோடு தொடர்ந்து விழுந்திருந்த வருஷங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்த வருஷங்கள். வரலாற்றுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவை. இரண்டாம் உலகப் போர். பழையவர் தோற்கவில்லை. பெரும்பாலான போட்டிகள் நடக்கவே இல்லை. ஆள் நல்ல ஆட்டத்தில் இருந்த காலத்தில் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதைப் போய் நான், வீட்டில் படுத்துவிட்டாரா என்று கேட்டிருந்தேன்.

தாளோடு அக்காவிடம் ஓடினேன். "இங்க பாருக்கா. கோடுன்னா தோத்ததுன்னு அர்த்தமில்ல. சண்டைல எல்லாம் நின்னு போச்சு, அம்புட்டுத்தான். நமக்குத் தகவல் வரலன்னா..."

அக்கா தாளைப் பார்க்கவில்லை. "ஏட்டி, அங்க மனுசன் இருக்கானா இல்லியான்னு தெரியல. நீ வெள்ளக்காரன் கணக்கத் தூக்கிக்கிட்டு வாரே."

தாளை மடித்து வைத்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

புரட்டாசி பிறந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தையல்காரர் குவைத்திலிருந்து தப்பித்து வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று மில்லில் யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பாவுக்கு ஷிஃப்ட் இருந்தது. நானும் அக்காவும் கிளம்பினோம். சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸை அடைத்திருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வழி முழுவதும் நின்றுகொண்டே வந்தாள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். உட்கார்ந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

தையல்காரர் வீட்டில் எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்கள் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தன. அவருடைய மனைவி, "உக்காருங்க தாயி" என்று டீ கொண்டுவந்து வைத்தார். தையல்காரர் கறுத்து, உதடு வெடித்துப் போயிருந்தார். அக்கா அத்தானின் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். கல்யாணப் போட்டோவைக் காட்டினாள்.

அவர் போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "தெரியலம்மா," என்றார். "ஜோர்டான் நாட்டுல, அம்மான்ல கூடாரம் போட்டு வச்சிருந்தாங்க. எறும்பு மாதிரி சனம். அம்புட்டுப் பேரும் தாடியும் மீசையுமா. இந்தப் போட்டோல மாப்பிள்ள கோலத்துல இருக்கிறவர அங்க எப்படி நான் கண்டுபிடிக்க?"

அக்கா போட்டோவைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள். டீயைத் தொடவில்லை. எழுந்திருக்கப் போனாள்.

"செத்த நேரம் இரு அக்கா," என்றேன். "அண்ணே, பச்சையா ஒரு விரிப்பு வச்சிருந்த ஆளு யாரையும் பாத்தீங்களா? முழ நீளம். பிளாஸ்டிக் புல்லு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த வெடித்த உதட்டோடு சிரித்தார்.

"புல்லுக்காரரா? அவரு உங்க அத்தானா?" என்றார். "எனக்கு ரெண்டு கூடாரம் தள்ளித்தான். அவனவன் டிவியத் தூக்கிட்டு வாரான், பெட்டியத் தூக்கிட்டு வாரான். இவரு ஒரு துண்டுப் புல்லச் சுருட்டிக் கக்கத்துல வச்சிருக்காரு. ஊருக்குப் போயி ஆடு மேய்க்கப் போறீராக்கும்னு கேலி பண்ணினோம். வீட்டுல ஒரு வாயாடி இருக்கா, கொண்டு போகலன்னா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிருவான்னாரு."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"தரையெல்லாம் கல்லு. அதத்தான் மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுப்பாரு. பொறவு கேலி பண்ணின நாங்களே கெஞ்சி வாங்கி மாத்தி மாத்திப் படுத்தோம்."

"ஒடம்புக்கு எப்படி இருக்காங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல தாயி. எளைச்சிருக்காரு, எல்லாரும்தான் எளைச்சோம். எனக்கு அடுத்து பிளேனுக்குப் பேரு குடுத்திருந்தாரு. பம்பாய் வந்து ரயிலேறணுமில்ல. வந்துருவாரு."

அக்கா உட்கார்ந்து அந்த ஆறிப்போன டீயைக் குடித்தாள். என்னுடையதையும் எடுத்துக் குடித்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தபோது, "பசிக்குதுட்டி" என்றாள். ஹோட்டலில் இட்லி சாப்பிட்டு, தோசை சாப்பிட்டு, குழந்தைக்கு வாங்கிய வடையில் பாதியையும் சாப்பிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. சன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்கினாள். ராஜபாளையத்தில் அவளை உலுக்கித்தான் எழுப்பினேன்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஆனது. ஆனால் அது வேறு மாதிரிக் காத்திருப்பு. அம்மா அரிசி ஊறப்போட்டாள், அப்பா பாத்ரூம் கதவைச் சரிசெய்தார். ஒரு நாள் சாயங்காலம் அத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். தாடி, யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டை, கக்கத்தில் சுருட்டிய பச்சை விரிப்பு. அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். தொடவில்லை. அத்தான்தான் பேசினார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

குரலைக் கேட்டதும் குழந்தை துள்ளி எழுந்து டூ இன் ஒன்னைப் பார்த்தது. அவர் மறுபடி பேசினார். அது மறுபடி பெட்டியைப் பார்த்தது. அப்புறம் சிரிப்பும் அழுகையுமாக எங்கள் வீட்டில் யார் என்ன பேசினோம் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில், தாடி எடுத்துக் குளித்துவிட்டு வந்தவரிடம் விரிப்பை வாங்கிக் கூடத்தில் போட்டேன். ஒரு மூலை கருகியிருந்தது. மேலே ஏறி நின்றுகொண்டேன்.

"அத்தான், நான் தோத்துட்டேன். அந்தக் கோடெல்லாம் சண்டை வருசம். உங்க ஆளுதான் பெரியவரு. ஆடாத வருசத்துக்கு அவர எப்படிக் கொறைச்சு மதிக்கிறது?"

அத்தான் முகம் விழுந்துவிட்டது. "போச்சு போ. நான் அனுப்புன கேசட்டு வந்து சேரலையா?"

"எது?"

"சண்டைக்கு ரெண்டு நாளு முந்தி குடுத்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டுப் பேசியிருந்தேன். ஒன் ஆளு காலத்துல நாலு தேசத்துலேர்ந்தும் ஆளு வந்து மோதுனான். என் ஆளு பெரும்பாலும் உள்ளூருக்குள்ள ஜெயிச்சவரு. சண்டை வருசத்தக் கழிச்சுப் பாத்தாலும் ஒன் ஆளு ஒசத்திதான்."

"இப்ப ஒத்துக்கிட்டா எப்படி? நான் மாறிட்டேன்."

"நானும்தான் மாறிட்டேன். கூடாரத்துலயும் வேற வேல என்ன, இதத்தான் யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"கூடாரத்துல கெடந்த நீங்களா சண்டை வருசத்தக் கழிச்சுப் பேசுறது?"

"அதனாலதான்டி பேசுறேன். சண்டைல போன நாளுக்கு என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேரும் தோத்துட்டா ஜெயிச்சது யாரு?" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. எங்கள் குரல் ஏறிக்கொண்டே போனது. கப்பல் வந்தது, ஏரோபிளேன் வந்தது. குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எழுந்து நேராக டூ இன் ஒன்னிடம் போய், பொத்தானை டக்கென்று அமுக்கியது.

அத்தான் பாதி வார்த்தையில் அப்படியே நிறுத்தினார்.

குழந்தை திருப்தியாக வந்து பச்சை விரிப்பில் உட்கார்ந்துகொண்டது. அக்கா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். அத்தான் மூச்சுக்கூட விடாமல் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார், அக்காவே போய்ப் பொத்தானைத் திரும்ப அமுக்கும்வரை.