நானா கடை வாசலில் அணையும் மோட்டார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் சிராங்கூன் சாலையில் ஒலி முகம்மது மோட்டார் ஓட்டிப் போனால் மாட்டு வண்டிக்காரர்கள் பேச்சை நிறுத்திப் பார்ப்பார்கள். நாகூரிலிருந்து கப்பலேறி வந்து குதிரை வண்டி ஓட்டியவன். ஜவுளிக்கடை அஹமது கபீர் ஒரு துரையிடம் பழைய மோட்டார் வாங்கியதும், அதற்கு டிரைவராகிவிட்டான். முதலாளியைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்ப டன்லப் தெருதான் குறுக்கு வழி என்று கண்டுபிடித்தவனும் அவனே. அது குறுக்கு வழி என்று வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தெருவில் நெய்னா முகம்மது ஆர்மோனியம் பழுது பார்த்தார். மோட்டார் அவர் கடை வாசலுக்கு வந்ததும் அணைந்துவிடும். ஊரில் வேறெங்கும் அணையாது.

கடைக்கு மேல் மாடியில் அவர் மகள் சம்சுன்னிசா இருந்தாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தெருவும் சிரித்தது. ஆனால் அவன் வேண்டுமென்று நிறுத்தவில்லை, அது சத்தியம். இறங்கி, மோட்டாரைத் திரும்பக் கிளப்ப முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவான். மேலே ஜன்னலில் வளையல் சத்தம் கேட்டால் தலை கிறுகிறுக்கும், தேவைக்கு மேலும் சுற்றுவான். அவள்மேல் அவனுக்கு அப்படியொரு பித்து.

ஒருநாள் நெய்னா வெளியே வந்தார்.

"தம்பி, ஊரு சிரிக்குது. இன்னொரு தடவை இங்க அணைஞ்சா உன் முதலாளிக்கிட்ட நானே வந்து பேசுவேன்."

"சரி நானா," என்றான். தெருவே அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடும்.

வேலை போனால் டன்லப் தெருவும் போய்விடும். பிளக்கை மாற்றினான், கார்பரேட்டரைக் கழற்றி ஊதினான், புதுப் பெட்ரோல் ஊற்றினான். மறுநாள் பிஸ்மி சொல்லிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தான். மோட்டார் கடை வாசலில் உஸ்ஸென்று அணைந்தது.

நெய்னா வேகமாக வந்தவர், அந்த உஸ்ஸைக் கேட்டு நின்றுவிட்டார்.

"திரும்பக் கிளப்பு. இப்ப வேகத்தைக் குறை." மோட்டார் குலுங்கியது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார். "பேருல ஒலி இருந்து என்ன, காது கேக்கலயே உனக்கு. எங்கயோ காத்து வாங்குது. துருத்தி ஓட்டையான ஆர்மோனியம் இப்படித்தான் இழுக்கும்."

ஈரத்துணியை எடுத்து, கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் குழாய் மூட்டில் சுற்றினார். குலுக்கல் நின்றது. மூட்டுக்கு நடுவிலிருந்த வாஷர் வெடித்திருந்தது. மோட்டாரை அணைத்து, துருத்திக்கு வைத்திருந்த ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வெட்டி வைத்து முடுக்கினார். அதன்பிறகு மோட்டார் வேகம் குறைந்தும் சீராக ஓடிக்கொண்டு நின்றது.

நெய்னா கையைத் துடைத்தபடி யோசித்தார்.

"வேகத்துல இந்த ஓட்டை தெரியாது. குறைச்சாத்தான் அணையும். அப்ப மத்த இடத்துல ஏன் அணையல?"

"மத்த இடத்துல குறைக்கமாட்டேன் நானா. மாட்டு வண்டி குறுக்கே வந்தாலும் வேக லீவரைத் தூக்கியேதான் வச்சிருப்பேன்."

"இங்க?"

ஒலி முகம்மது தன் கையைப் பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் விளங்கியது.

"இங்க கை தானா இறங்கிடுது."

மாடியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நெய்னா மேலே பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"சரி, அதான் பழுது பார்த்தாச்சே. இனிமே இங்க நிக்க வேலை இல்ல. கிளம்பு."

பாழாய்ப்போன மோட்டார் இன்றைக்குப் பார்த்து அணைய மறுத்தது. ஏறி உட்கார்ந்தான். நானா என்று வாயெடுத்தவனுக்குச் சுருக்கென்றது. இவர் அண்ணன் என்றால் சம்சுன்னிசா மகள் முறையாகிவிடுவாளே.

"கிளம்புறேன்... மாமா."

நெய்னாவின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"இத்தனை நாளா நானா. இன்னைக்கு மாமாவா?"

"நானான்னா முறை தப்பிடும் மாமா."

மாடி ஜன்னல் கொஞ்சம் திறந்து, மகள் குரல் கேட்டது.

"வாப்பா, தேத்தண்ணி உங்களுக்கு மட்டுமா, ரெண்டு பேருக்கா?"

நெய்னா ஜன்னலைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், தாடியைத் தடவிக்கொண்டார்.

"அதை அணைச்சிட்டு உள்ள வாங்க, தம்பி," என்றார்.

வாங்க என்ற சொல் காதில் விழுந்து மனத்துக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அந்த வாசலில் முதல்முறையாக ஒலி முகம்மது மோட்டாரைத் தானே அணைத்தான்.