பதினோராம் இடத்தில் இடதுகைக்காரன்

என் கணவரின் அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லி வந்தது ஒன்றுதான்: மனிதர் எடையில் பொய் சொல்லமாட்டார். இரண்டாவதாக என்ன சொல்வது என்று யோசித்தால் எனக்கு உடனே எதுவும் வராது.

சரக்கு லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். சாலையோரத்தில் ஒரு சின்ன அறை. தள்ளித் திறக்கும் ஜன்னல், கம்ப்யூட்டர், கழுத்து சாய்ந்த மேசை விசிறி, சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி. லாரி மேடைமேல் ஏறியதும் எண் ஆடும். அது நிற்பதற்குள் இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "இறங்கு!" என்று ஒரு சத்தம் போடுவார். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவர் எடையும் சரக்கோடு சேர்ந்துவிடுமாம். மற்ற எடைமேடைகளில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. இவர் மழையானாலும் வெயிலானாலும் இறக்கிவிட்டுத்தான் சீட்டு அடிப்பார். அதனால் ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'இறங்கு சார்'. அந்தப் பெயர் எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கால் மணி நேரம் கிடைக்கும், சில நாள் அரை மணி கிடைக்கும். அந்த நேரத்தில் அவர் நாட்டின் கிரிக்கெட் அணியை நடத்தினார். சிரிக்க வேண்டாம். நிஜ அணி இல்லை, கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு கிளப் வைத்து நடத்துகிறார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பெயர், வயது, திறமை எல்லாமே கம்ப்யூட்டர் போட்டுத் தருகிறது. யாரை முதலில் இறக்குவது, யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதெல்லாம் நம் வேலை. மட்டையை மட்டும் தொட முடியாது. ஏழு வாரம் ஒரு பருவம். ஒரு பருவம் முடிந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். முப்பத்தைந்து முடிந்தால் ஓய்வு, பெயரே பட்டியலில் இருந்து போய்விடும். எல்லா கிளப்காரர்களும் ஓட்டுப் போட்டு நாட்டு அணிக்கு ஒரு மேலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். இவரை மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள். ஒருதலைப்பட்சம் இல்லாத ஆள் என்று அங்கேயும் பெயர் வாங்கியிருந்தார்.

அவருக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே என் கணவர்தான். என் கணவர் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர். நாங்கள் கீழ்வீடு, அண்ணன் குடும்பம் மேல்வீடு. அண்ணனை நான் மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "யார் சொன்னா இல்லைன்னு? எனக்கு ஒருத்தன் இருக்கான், பதினேழு வயசு, இடதுகைக்காரன்" என்பார் என் கணவர். அவர் கிளப்பில் இருந்த தொடக்க ஆட்டக்காரன்தான் அது. சோற்றில் கை வைத்தபடியே அவனுக்கு இன்றைக்கு என்ன பயிற்சி கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் அவன் சதம் அடித்த நாட்களில் வீடு கலகலப்பாக இருந்ததை மறுக்க மாட்டேன்.

அவன் வளர்ந்து இருபத்தாறு வயதை எட்டியபோது என் கணவர் மாடிப்படியில் அண்ணனை மறித்துக் கேட்டார்.

"நாட்டு அணிக்கு என் பையனைப் பாருங்கண்ணே. முறையாத்தான் கேக்கறேன்."

"பாத்தேன்டா. எண் பத்தல. அவனைவிட ரெண்டு பேர் மேல இருக்காங்க."

மற்ற கிளப் ஆட்டக்காரர்களின் முழுத் திறமை எண்களும் நாட்டு மேலாளர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் சொன்னால் நம்ப வேண்டியதுதான். ஆனால் என் கணவருக்கு மனது ஆறவில்லை. "அண்ணன் என் கண்ணைப் பாத்து சொல்லல" என்று இரண்டு நாள் புலம்பினார். அதற்குப் பிறகு படியில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு மாதம் அப்படியே போனது. பிறகு என் கணவர் காய்ச்சல் என்று படுத்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஏழாம் நாள். அப்போது இவருக்கு நினைவில்லை.

என் கணவரின் போனை நான் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு வைத்தேன். அதில் இருக்கும் படங்களை மேல்வீட்டு அக்கா கேட்டபோது, "அது ஆன் ஆகவே மாட்டேங்குதுக்கா" என்று பொய் சொன்னேன். பங்கு போட மனம் வரவில்லை. ஏழு வாரம் கழித்து அதில் ஒரு செய்தி வந்தது. நீங்கள் நீண்ட நாட்களாக உள்ளே வரவில்லை, இன்னும் ஒரு வாரத்தில் உங்கள் கிளப் கலைக்கப்படும் என்று. நான் வேலை செய்யும் சலவைக்கடைக்குப் போகிற வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அந்த ஆட்டத்தைத் திறந்தேன். தானாகவே உள்ளே போய்விட்டது. பதினொரு பெயர்கள் வரிசையாக இருந்தன, முதலில் இடதுகைக்காரன். புதிய உத்தரவு கொடுக்காதவரை பழைய உத்தரவே செல்லும் என்று கீழே எழுதியிருந்தது. ஆள் போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது, அவர் போட்ட வரிசையில்தான் அத்தனை பேரும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பஸ் வருவதற்குள், உள்ளே போய் 'உறுதி' என்பதை அழுத்திவிட்டு வருவேன். வாரம் ஒருமுறை போதும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்த வரிசை கலையக்கூடாது, அவ்வளவுதான்.

நான் உள்ளே போனது வெளியே தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒருநாள் அக்கா துணி உலர்த்தும்போது மெதுவாகச் சொன்னார்.

"உன் மாமாவுக்கு என்னமோ சரியில்லம்மா. தினமும் வேலைக்குப் போனதும் எனக்கு போன் பண்ணி, 'தம்பி இன்னைக்கும் வந்துட்டான்'ங்கறார். அந்த விளையாட்டுல அவன் பேருக்குப் பக்கத்துல நேரம் காட்டுதாம். ஆறு அம்பது, ஆறு அம்பதுன்னு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தவரைப் பார்க்க ஏழாம் நாள் வந்த மனிதர்தானே, கொஞ்சம் பயப்படட்டும் என்று இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேய் பஸ் நிறுத்தத்தில் கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றது.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. மாமா பாதியாக இளைத்துவிட்டார். படியில் இறங்கும்போது எங்கள் கதவருகே வந்தால் நின்று, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். நான் கதவைத் திறந்தால் "ஒண்ணுமில்லம்மா" என்று போய்விடுவார். இடதுகைக்காரனுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. எங்கள் கிளப் தோற்றுத் தோற்றுக் கடைசிக்கு வந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். திரையில் ஏதோ நகர்ந்தது போலிருந்தது. 'உறுதி' அழுத்திவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். சாயங்காலம் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடதுகைக்காரன் பதினோராம் இடத்தில் கிடந்தான். எப்படித் திருப்பி ஏற்றுவது என்று தெரியவில்லை. தொட்டால் இன்னும் என்னென்ன கெடுமோ என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எடைமேடையில் நடந்ததை அக்கா அழுதுகொண்டே சொன்னார். மாமா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார். மணல் லாரி ஒன்று ஏறி நின்றது. 'இறங்கு' என்ற சத்தம் வரவில்லை. ஓட்டுநரை உள்ளே வைத்தே சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். அந்த ஓட்டுநரே இறங்கி ஜன்னலுக்கு வந்து, "என்ன சார், இன்னைக்கு என்னை எறக்கல? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

"தம்பிக்குக் கோவம் தீரலன்னு சொல்லிட்டு அழறாரும்மா" என்றார் அக்கா. "பெத்த பிள்ளையா வளத்தவனையே கடைசியில தள்ளிட்டானாம். இவருக்குக் காட்டத்தான் தள்ளினானாம். எனக்கு ஒரு எழவும் புரியல."

எனக்குப் புரிந்தது. முதல்முறையாக என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. வேடிக்கை பார்த்தது போதும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆட்டத்தைத் திறந்தபோது புதிதாக ஒரு கடிதம் வந்திருந்தது. நாட்டு அணியிலிருந்து அழைப்பு. பருவத்தின் கடைசிப் போட்டிக்கு இடதுகைக்காரனை எடுத்திருக்கிறார்கள், கிளப் உரிமையாளர் பகல் ஒரு மணிக்குள் சம்மதம் தர வேண்டும். அடியில் மேலாளர் எழுதிய குறிப்பு.

"தம்பி, உன் இடதுகைக்காரனைச் சேர்த்திருக்கிறேன். நீ கேட்ட அன்றைக்கே சேர்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவனைவிட நல்ல தொடக்க ஆட்டக்காரன் நாட்டிலேயே இல்லை. உன் ஆள் என்று நாலு பேர் பேசிவிடுவார்களே என்று பயந்து, எண் பத்தவில்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் அந்த முகத்தோடு வர முடியாமல்தான் ஏழாம் நாள்வரை வரவில்லை. நீ கோபமாக இருப்பது தெரிகிறது. என்மேல் இருக்கட்டும். அவனைக் கடைசியில் இறக்காதே. அண்ணன்."

பஸ் வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்க, இந்த மனிதர் அதே ஊர் வாய்க்குப் பயந்து கூடப்பிறந்தவனின் வாயை மூடியிருக்கிறார். என் கணவர் அந்த இரண்டு நாளும் சரியாகத்தான் சொன்னார், அண்ணன் கண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் சலவைக்கடைக்குப் போனேன், அரை நாள் துணிகளுக்கு எண் குத்தினேன், எந்தத் துணிக்கு எந்த எண் குத்தினேன் என்று தெரியாது. பன்னிரண்டு மணிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு எடைமேடைக்குப் பஸ் ஏறினேன். அவரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

அறைக்குள் நுழைந்தபோது மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. திரையில் என் கணவரின் கிளப் பெயர், பக்கத்தில் அன்றைய தேதி, ஆறு ஐம்பது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

போனை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரு மூலை உடைந்த அந்தப் போனை அவருக்கு நன்றாகத் தெரியும். திறந்திருந்த பக்கத்தில் அவருடைய கடிதமே இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் மாமா" என்றேன். "தினமும் காலைல நான்தான் உள்ள போனேன். கிளப்பைக் கலைச்சிடுவோம்னு செய்தி வந்திச்சு. அதான்."

"அப்போ... அவனைப் பதினொண்ணுல தள்ளினது?"

"பஸ்ல யாரோ இடிச்சாங்க. கை பட்டுடிச்சு."

அந்தப் போனைத் தொடாமலே பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, பதினாலு மாதத்துக்கு முன் தம்பியின் பாடைக்கு முன்னால் சுடுகாடுவரை நடந்து போனவர், சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"அப்போ அவன் இல்லையாம்மா?"

அடுக்கி வைத்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "இல்ல மாமா" என்றேன். நானும் அதை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் ஜன்னலைத் தள்ளி மூடிவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இடதுகைக்காரன் பெயரைக் கட்டைவிரலால் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே இழுத்து முதலிடத்தில் வைத்தார். "இப்படி அழுத்திப் பிடிச்சு இழுக்கணும்" என்று எனக்குக் காட்டினார்.

மணி ஒன்றாக ஆறு நிமிடம் இருந்தது. கடிதத்தின் கீழே 'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தான் இருந்தது.

"நீ அமுக்கும்மா" என்றார்.

"இப்ப அவனுக்குத் தகுதி இருக்கா?"

எடைமேடைக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார். "இல்ல. வயசாயிடிச்சு. அன்னைக்கு இருந்திச்சு."

"நீங்க கேட்டது அவர்கிட்ட. அவருக்குப் பதிலா நான் சொல்லமாட்டேன். மன்னிக்கறதுக்கும் சரி, வேணாங்கறதுக்கும் சரி, எனக்கு உரிமை இல்ல. நீங்களும் அமுக்காதீங்க."

அவர் தலையாட்டினார். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. விசிறி அந்தக் கடிதத்தின் பக்கம் ஒருமுறை, சுவரின் பக்கம் ஒருமுறை திரும்பிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு லாரி மேடைமேல் ஏறி நின்றது. சிவப்பு எண் ஆடி ஆடி நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் அசையவில்லை.

ஒரு மணிக்குப் பச்சைப் பொத்தான் மறைந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் மணியடித்தது. ஓட்டுநர்களுக்கு எடையைப் படித்துச் சொல்லும் அதே குரலில் அதைப் படித்தார்.

"குறித்த நேரத்துக்குள் கிளப்பிலிருந்து பதில் வரவில்லை."

இன்னொரு முறையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வராதுல்ல?"

"வராது மாமா."

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மாமா எழுந்து ஜன்னலைத் திறந்து, கரகரத்த குரலில் அவரை இறங்கச் சொன்னார்.