ரெம்பியா தோட்டத்தில் ராக்கெட் இயந்திரமும் ஒரு குளவியும்

மலாக்காவுக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், ஆற்றில் படகு ஏறுவார்கள். சென்ற மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனது, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு ராக்கெட் இயந்திரம் ஆறு வினாடி எரிவதைப் பார்க்க. அழைத்தவள் நண்பரின் மகள் தர்ஷினி. முனைவர் பட்ட ஆய்வின் கடைசி ஆண்டில் இருக்கிறாள்.

மலாக்கா சென்ட்ரலில் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினேன். அலோர் காஜாவில் இறங்கி, ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீரும் சாப்பிட்டேன்; நாலரை வெள்ளி, அதாவது ரிங்கிட். ரெம்பியாவைத் தாண்டித் தோட்டம் வரை வாடகைக் காருக்கு இருபது வெள்ளி.

"தோட்டத்துல யாரைப் பாக்கணும் அண்ணே?" என்றார் காரோட்டி.

"ராக்கெட் சோதனை பாக்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை அளந்தார். "அங்க போன் லைனே கிடைக்காது லா. ராக்கெட்டு எப்பிடி மேல போவும்?"

"எங்கயும் போகாது. கீழயே கட்டிப்போட்டு எரிப்பாங்க."

"பறக்காத ராக்கெட்டுக்கா இருபது வெள்ளி குடுக்குறீங்க?"

தோட்டத்தில் இறக்கிவிட்டு இருபதையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

ரப்பர் தாள்களைப் புகை போட்டுக் காயவைத்த பழைய கொட்டகையைப் பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் இயந்திரத்தை இறுகப் பிணைத்திருந்தார்கள். பெரிய தண்ணீர் போத்தல் அளவுதான். பாதுகாப்புக்கு ஒரு தீயணைப்பு வண்டியும் நின்றது.

தர்ஷினியின் ஆய்வு இயந்திரத்தைப் பற்றியது அல்ல, அதன் டிஜிட்டல் இரட்டையைப் பற்றியது. இயந்திரத்தின் ஒவ்வொரு குழாயும் வால்வும் கணினிக்குள் கணக்காக இருக்கும். வெளியே இருப்பது எரியும்போது, உள்ளே இருப்பதும் தன் கணக்கில் எரியும். இரண்டின் கோடுகளும் திரையில் ஒட்டிப்போக வேண்டும். விலகினால் இயந்திரத்தில் கோளாறு, அல்லது கணக்கில் கோளாறு. எதில் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பட்டம்.

அன்று பகல் பன்னிரண்டுக்குத் தீயணைப்பு வண்டி போய்விடும். அடுத்த அனுமதி ஆகஸ்டில். அவளுடைய உதவித்தொகையோ மே மாதத்தோடு முடிகிறது.

பத்தரைக்கு, நெருப்பு வைக்கும் முன் நைட்ரஜன் வாயுவை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். இரட்டையின் அழுத்தக் கோடு சட்டென்று எழுந்தது. நிஜத்தின் கோடு முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறியது.

"உன் இரட்டைதான் தப்பு. அதோட எண்களை மாத்திட்டு எரிச்சிடலாம்," என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

"இல்ல சார். இது இத்தனை நாளா தப்பா சொன்னதில்ல. நான் எரிக்க மாட்டேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு இயந்திரத்திலிருந்து பேனா தடிமனில் ஒரு குழாய் போகிறது. விலை அதிகம் என்பதால் சென்சாரை மாலையில் கழற்றி எடுத்துக்கொண்டு, குழாயின் வாயில் ரப்பர் மூடி போடுவார்கள். முந்தைய வாரம் மழைக்கு ஓடிய அவசரத்தில் தர்ஷினி மூடியை மறந்துவிட்டாள்; அன்று காலை உள்ளே பார்க்காமலே சென்சாரை மாட்டியிருக்கிறாள். இப்போது கழற்றிப் பார்த்தால், குழாய்க்குள் ஈரக்களிமண் வைத்து மெழுகியதுபோல் ஓர் அடைப்பு. குளவிக்கூடு.

அவள் கம்பியை நீட்டியதும், காப்பித் தெர்மாஸோடு வந்த லெட்சுமி அக்கா கத்தினார். கொட்டகைக்குக் காவலும் ஆய்வுக் குழுவுக்குச் சமையலும் அவர்தான். வீடு, தோட்டத் தொழிலாளர் வீடுகளின் அடுத்த வரிசையில்.

"கை வைக்காத மா! நாலு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஒடச்சிருப்பியே! கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு என் மருமக முழுகாம இருக்கா. குளவி கூடு கட்டுனா புள்ள நல்லபடியா பொறக்கும், தேடி வந்து கட்டியிருக்கு."

"உங்க வீட்டுல கட்டாம என் எஞ்சின்ல எதுக்குக்கா கட்டுச்சு?"

"என் வீட்டுல எல்லாத்துக்கும் மூடி இருக்கு லா. நீதான் தொறந்து போட்டுட்டுப் போன."

பேராசிரியர் சமாதானம் பேச முன்னால் வந்தார். "சார், உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார் அக்கா. "ரெண்டு" என்றவர், காப்பி வாங்கிக்கொண்டு திரும்பினார். தீயணைப்பு வீரர்களில் மலாய்க்கார இளைஞர் ஒருவருக்கு விஷயத்தை விளக்கினேன். அவர் அக்காவின் பக்கம்.

மணி பதினொன்று தாண்டியது. தர்ஷினி கம்பியைக் கீழே போட்டாள். குழாயை இரண்டு முனையிலும் கழற்றி, கூட்டோடு அப்படியே அக்காவின் கையில் கொடுத்தாள். கையிருப்பில் இருந்த வேறு குழாய் ஒரு சாண் நீளம் கூடுதல். அதைப் பொருத்தி, புது நீளத்தை இரட்டைக்கும் சொல்லிக்கொடுத்து, மறுபடி வாயு விட்டபோது இரு கோடுகளும் ஒன்றாக எழுந்தன.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எரித்தார்கள். நெஞ்செலும்பு அதிர்ந்தது, செம்பனை ஓலைகள் படபடத்தன. ஆறு வினாடியும் கோடுகள் பிரியவில்லை. தர்ஷினி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோதானா?" என்றார் அக்கா. "தீபாவளிக்கு என் மவன் வைக்கிற வெடியே இதைவிட நேரம் ஓடும்." சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பல்கலைக்கழக அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காதடைப்பான் கொண்டுபோங்கள். திரும்புவதற்கான காரை முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். நான் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் ஒரு செம்பனை லாரியில் வந்தேன். எந்தக் குழாயாக இருந்தாலும் மூடி போடுங்கள்.

அன்று தர்ஷினி குழாயைத் திருப்பிக் கேட்டதற்கு, "பொறக்கட்டும், தரேன்" என்று சொல்லி அக்கா அதைத் தன் வீட்டு வாசல் நிலையில் கட்டித் தொங்கவிட்டார். நேற்று தர்ஷினியிடமிருந்து செய்தி வந்தது. அக்காவின் மருமகளுக்குப் பெண் குழந்தை. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. குழாயும் திரும்பி வந்துவிட்டதாம், குளவி பறந்துபோன துளையோடு, நுனியிலிருந்து நுனிவரை மஞ்சள் பூசி.

மஞ்சளின் தடிமனை இரட்டைக்குச் சொல்ல வேண்டுமா என்று பேராசிரியரைக் கேட்டிருக்கிறாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.