பண்ருட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம்: யாரைத் திட்டுவது என்று தெரியாத பயணம்

"தமிழ்நாட்டுல ஒயின் டூர் போற மாதிரி இடம் இருக்கா?" என்று போன வருடம் ஒரு வாசகி கேட்டிருந்தார். நாசிக், பெங்களூர் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. விசாரித்ததில் அண்ணாகிராமம் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, இரண்டு ஏக்கரில் ஒரு குடும்பம் ஒயினுக்காகவே திராட்சை வளர்க்கிறது என்று தெரிந்தது. அதுவும் ரசாயனமே படாத பயோடைனமிக் முறையில். மாசி மாதக் கடைசியில், வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கும் முன் கிளம்பினேன்.

ஒயின் எஸ்டேட் என்றதும் கையில் கிளாஸோடு போட்டோ எடுக்கும் ஆசையில் வருபவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். இவர்களுக்கு இங்கே ஒயின் தயாரிக்க லைசன்ஸ் இல்லை. பழத்தைக் குளிர்வண்டியில் கர்நாடகாவுக்கு அனுப்பி, ஒரு சின்ன ஒயின் கம்பெனியில் நொதிக்க வைத்து, தங்கள் பெயரில் பாட்டில் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அதாவது, ஏற்பாடாக இருந்தது.

தோட்டக்காரர் அருள்தாஸ் (எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்) போனில் விசித்திரமான ஒரு யோசனை சொன்னார். "நாளைக்கு நான் கீரப்பாளையம் வரேன் மேடம், சாணி எடுக்க. நீங்க சிதம்பரத்துல தங்கிட்டு அங்க வந்துடுங்க. நம்ம வண்டியிலயே போயிடலாம்." இத்தனை வருடப் பயணத்தில் சாணி வண்டியில் லிஃப்ட் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு சுமாரான அறை, 900 ரூபாய். காலை 7.20க்கு டவுன் பஸ் கிடைத்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவு பூஜ்யம். சுமார் பத்து கிலோமீட்டர், அரை மணி நேரம். அறுப்பு முடிந்த வயல்களில் நாட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாலையோரம் ஒரு குட்டியானை வண்டி நிற்க, அதன் பின்பக்கம் சாணி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார் ஐம்பத்தெட்டு வயது அருள்தாஸ். வெள்ளைச் சட்டை. சாணி எடுக்க வெள்ளைச் சட்டையில் வரும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

மூட்டை ஏற்றிக் கிளம்ப ஒன்பது மணி ஆனது. சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாகப் பண்ருட்டிப் பக்கம் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழி முழுக்கப் பேசினார். பாண்டிச்சேரிக்காரர். பிரான்சில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பதினைந்து வருடம் கூலியாளாக இருந்தவர். அங்கேதான் இந்த முறையைக் கற்றிருக்கிறார். மாட்டுக் கொம்பில் சாணியை அடைத்து மண்ணில் புதைப்பது, மாதக் கணக்கில் கழித்து எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பது, நிலா எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்து அறுப்பது. எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைகூடக் கிடையாது. அதைச் சொல்லியும் விட்டேன்.

சிரித்தார். "எனக்கே முக்கால்வாசிதான் மேடம். ஆனா மருந்து படாத செடி ஒரு மாதிரி நிக்கும். பாத்தா தெரியும்."

திரும்பி வந்ததும் பாண்டிச்சேரி வீட்டை விற்று, மனைவி ஸ்டெல்லாவின் ஊரில் நிலம் வாங்கியிருக்கிறார். சான்றிதழுக்கு மூன்று வருடம் ஒரு சொட்டு ரசாயனம் படாமல் தோட்டத்தைக் காக்க வேண்டும். அதுவரை காய்த்ததை அரைப்பழத்திலேயே சந்தைக்குப் போட்டுவிட்டார். மூன்று வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து பழ மாதிரி எடுப்பார். அடுத்த வாரம் அறுப்பு. சான்றிதழ் இருந்தால்தான் கம்பெனி பழத்தை எடுக்கும். "இந்த வருஷம் தவறுனா இன்னொரு மூணு வருஷம் தாங்காது. கையில ஒண்ணும் இல்ல, ஒடம்புலயும் இல்ல" என்றார், கியரை மாற்றியபடி.

பழத்தின் மேல் வெள்ளையாகப் பூக்குமே, மாவு தூவின மாதிரி ஒரு பூச்சு, அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நன்றாகப் பழுத்தால்தான் அது அடர்த்தியாக ஏறும். சாற்றை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் அதில்தான் குடியிருக்கிறது. பாக்கெட் ஈஸ்ட் போடாமல், தோட்டத்து ஈஸ்டிலேயே ஒயின் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. "இந்த வருஷம்தான் முழுசாப் பூத்திருக்குது. வந்து பாருங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

சேத்தியாத்தோப்பு தாண்டும்போது போன் அடித்தது. "வண்டியில இருக்கேன் மச்சான், வந்து பேசறேன்" என்று வைத்துவிட்டார். ஸ்டெல்லாவின் தம்பி வின்சென்ட், பக்கத்துத் தோப்புக்காரர். எங்களுக்கு டீ குடிக்கும் அவசரம். வடலூரில் டீ நன்றாக இருக்கும், 12 ரூபாய்.

தோட்டத்து கேட்டில் இறங்கும்போது மணி 11.40. மூக்கில் ஏறிய வாடையை நான் சாணி என்றுதான் நினைத்தேன். அருள்தாஸ் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம் இறங்கி ஓடினார்.

கொடிப் பந்தல்களுக்கு நடுவிலிருந்து வின்சென்ட் வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டை நனைந்திருந்தது, முதுகில் மருந்தடிக்கும் டேங்க். வாயெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாமா. பூஞ்ச வந்துடுச்சி, பாக்கலயா நீங்க? கொத்து பூரா வெள்ள வெள்ளயா கெடக்குது. போன் அடிச்சா நீங்க வச்சிட்டீங்க. வாரமானா அறுப்புன்னு அக்கா சொல்லிச்சி. மனசு கேக்கல. முந்திரிக்கு அடிக்கற மருந்தயே கொஞ்சம் ஜாஸ்தியா கலக்குனேன். பூஞ்ச மருந்தும் ஒரு பாக்கெட்டு வாங்கியாந்து சேத்து, அடிச்சி வுட்டுட்டேன்."

"எத்தினி வரிச?"

"எல்லாத்துக்கும்தான். ஒரு கொத்து வுடல மாமா."

அருள்தாஸ் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க! அது பூஞ்சையே இல்லை!" மூன்று வருடம், சான்றிதழ், ஆய்வாளர் என்று படபடவென்று கொட்டினேன். சம்பந்தமில்லாத ஆள் நான், வாயை மூடியிருக்கலாம். வின்சென்ட் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்து அடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. ஆனால் அது செலவுக்குப் பயந்த மாமா சொல்லும் சாக்கு என்று நினைத்திருந்தாராம். நோய் வந்து பயிர் சாகும்போதும் வேடிக்கை பார்க்கச் சொல்லும் விவசாயம் ஒன்று இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது என் கோபமெல்லாம் போய்விட்டது.

வின்சென்ட் ஓடிப்போய் ஹோஸ் பைப்பை இழுத்து வந்து கொத்து கொத்தாகக் கழுவ ஆரம்பித்தார். வெள்ளைப் பூச்சு வழிந்து போனது. பழம் கறுப்பாக, கடையில் விற்கும் பழம்போல மின்னியது.

"வுடு மச்சான். கழுவுனா போறது இல்ல அது."

"திங்கக்கெழம வரவருகிட்ட சொல்லாதீங்க மாமா. யாருக்குத் தெரியப்போவுது?"

"லேப்ல தெரியும்." ஹோஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எனக்கும் தெரியுமே" என்றார்.

மத்தியானமே ஆய்வாளருக்கும் கம்பெனிக்கும் அவரே போன் செய்து சொன்னார். ஒவ்வொரு போனும் இரண்டு நிமிடம்கூட இல்லை. சந்தைக்காவது போடலாமே என்று கேட்டேன். இந்த மருந்து அடித்தால் மூன்று வாரத்துக்குப் பழத்தை வாயில் வைக்கக் கூடாது. அதற்குள் முழுதும் உதிர்ந்துவிடும் என்றார். அப்புறம் சாணி மூட்டைகளை இறக்கினார்.

ஸ்டெல்லா கடலூரில் நர்ஸ். டியூட்டி முடிந்து, நெல்லிக்குப்பம் வழியாகக் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஆறு மணிக்கு ஸ்கூட்டியில் வந்தார். கேட்டிலேயே வாடை பிடித்துவிட்டார். புருஷனைப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், ஓரமாக உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், மூக்குல துணி கட்டிக்கினு அடிச்சியாடா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"எந்திரி. சட்டையக் கழட்டு. சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வா."

அவர் குளித்துவிட்டு வந்து அழுதார். அக்கா சாப்பாடு போட்டார். நான்கு பேரும் சாப்பிட்டோம். வில்லன் ஒருவன் இருந்திருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

பயணிகளுக்கு: சிதம்பரத்திலிருந்து கடலூர் சுமார் 45 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி ஒரு மணி நேரம். சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். பலாப்பழம் வேண்டுமென்றால் சித்திரைக்கு மேல் வாருங்கள். இயற்கைத் தோட்டம் எதையாவது பார்க்கப் போனால் சுற்றி இருக்கும் தோப்புகளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தத் தோட்டத்துக்கு மட்டும் வழி கேட்டு எழுதாதீர்கள்.

இதைப் பதிவிடலாமா என்று கேட்க ஆனி மாதம் போன் செய்தேன். ஸ்டெல்லாதான் எடுத்தார்.

"எழுதுங்க மேடம். அவுரு இப்ப பேச முடியாது, குழி எடுத்துக்கினு இருக்காரு. கொடியெல்லாம் புடுங்கியாச்சி. மழைக்கு முன்ன முந்திரி வச்சிடலாம்னு. கன்னு வின்சென்ட்தான் கொண்டாந்து எறக்கனான். பாவம், மருந்து அடிக்கறதக்கூட வருஷா வருஷம் நானே பாத்துக்கறேன், மாமா ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லிட்டான்."