கவரைப் பிரித்தவள் நான்

மருமகள்தான் வந்து சொன்னாள். "அத்தே, திருத்துறைப்பூண்டி மரியதாஸ் தவறிட்டாராம்." "யாரு சொன்னா? நல்லா விசாரிச்சியா?" என்றேன். எதையும் ஒரு வாயில் கேட்டு நம்புகிறவள் இல்லை நான். மாதா கோயிலில் துக்க மணி அடித்தார்கள் என்ற பிறகுதான் உட்கார்ந்தேன்.

போனில் தட்டினால் வயலில் மோட்டார் ஓடுமே, அந்தப் பெட்டிகளை ரிப்பேர் செய்தவர் அவர். குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம் எங்கள் பெட்டி நின்றுபோனது. உள்ளே இருந்த போர்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். முன்பு ஒரு கடைக்காரன் என் ரேடியோவின் நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு ஓட்டை ஸ்பீக்கரை மாட்டி அனுப்பினான். அவன் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதனால் போர்டின் பின்பக்கம் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டித்தான் கொடுத்தேன்.

மரியதாஸ் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் ஒயரைச் சுவரோரம் எர்த்தில் மாட்டியிருந்தார். மேசையை யாரையும் தொடவிடவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

"என்னத்த மறைக்கிறீங்க?"

"மறைக்கலம்மா. நைலான் சேலை நாற்காலில உரசினாலே ஒடம்புல கரண்டு ஏறும். நமக்கு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இந்தச் சிப்புக்கு இடி விழுந்த மாதிரி."

பழுது பார்த்து, வெள்ளி நிறக் கவரில் போட்டு டேப் ஒட்டித் தந்தார். "பிரிக்காதீங்கம்மா. நாளைக்கு நானே வந்து மாட்டுறேன்."

பிரிக்காதே என்றால் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். பொட்டு இருந்தது. தடவிப் பார்த்தபோது விரல் நுனியில் சுள்ளென்றது. பழையபடி டேப்பை ஒட்டி வைத்தேன்.

மறுநாள் மாட்டினார், மோட்டார் ஓடவில்லை.

"கவரைப் பிரிச்சீங்களாம்மா?"

"நான் ஏன் பிரிக்கிறேன்?"

அவர் டேப்பைப் பார்த்தார். தஞ்சாவூரிலிருந்து புதுப் போர்டு வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் வெடித்துப் பயிர் கருகிவிட்டது. வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவரைக் கைகாட்டினேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "அந்தாளுகிட்ட போர்டைக் குடுத்துடாதீங்க" என்றேன். எங்கள் ஊரிலிருந்து அவர் கடைக்குப் போவது நின்றது.

சென்ற தை மாதம் கடைத்தெருவில் எதிரே வந்தார். "இன்னும் எம்மேல கோவமாம்மா?"

"மறக்குறவ நான் இல்ல."

"நானும் மறக்கலம்மா. டேப்பு மடிஞ்சிருந்துச்சு" என்று சிரித்தார்.

"அப்பவே ஊருல சொல்லியிருக்கலாமே?"

"நாத்தும் போயி, வீட்டுல ஏச்சும் வாங்கணுமா நீங்க?"

அது நல்ல மனமா, என்னை வாயடைக்க வைத்த சாமர்த்தியமா? இந்தக் கேள்வி இன்னும் எனக்குத் தீரவில்லை. ஆனால் அவர் கடையை வெறிச்சோட வைத்தது என் வாய்தான். அதில் சந்தேகமில்லை.

துக்கத்துக்குப் போனேன். சவப்பெட்டியருகே எங்கள் ஊர்க்காரர் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல மனுசன்தான். வேலைதான் சுத்தமில்ல."

"போர்டைக் கெடுத்தது நான்யா! சொல்லச் சொல்லக் கேக்காம கை வச்சவ நான்!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

ஒருவர் என் தோளைத் தொட்டார். "செத்தவங்கள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க பெரிய மனசு."

என் பொய்யை அன்றே நம்பியவர்கள், உண்மையை நம்பவில்லை. பெட்டியை மூடிவிட்டார்கள். வாயால் சொன்னது போதவில்லை என்பதால் எல்லோரும் படிக்க எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் கையில் பிழையில்லை, மரியதாஸ். நிம்மதியாகப் போய் வாருங்கள்.