வாடகைக் கண்ணுக்கு ஒரு தேநீர்

சோதனை வேலைக்கு வெளியிலிருந்து வந்த பெண் மேசையிலேயே தூங்கிவிட்டாளாம். அதனால்தான் பல் ஆஸ்பத்திரியில் ஒரே நாற்காலிக்கு இரண்டு வீங்கிய கன்னங்கள் வந்து மல்லுக்கு நின்றனவாம். சாப்பாட்டறையில் பிறந்த இந்த வதந்தி லிஃப்டில் ஏறி மேல்மாடிக்குப் போவதற்குள் குறட்டையும் விட ஆரம்பித்திருந்தது. தூங்கியதைப் பார்த்தது யார் என்று விசாரித்தால், ஆளாளுக்கு அடுத்த மேசையைக் காட்டினார்கள். கடைசி மேசைக்காரர் மட்டும் யாரையும் காட்டவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சோதனைப் பிரிவின் தலைவர். பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மாமனார் வீட்டில் முதன்முதலாகக் கால் வைத்த அன்றே, "கதவு கொஞ்சம் சாஞ்சிருக்கே" என்று சொன்னவர். மாமனார் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்தக் கம்பெனி செய்வது பல் ஆஸ்பத்திரிகளில் நேரம் பதிவு செய்யும் மென்பொருள். வேலை இரண்டு வாரச் சுற்றாக வரும். முதல் வாரம் சோதனைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். கடைசி நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. மேனேஜர் இதற்கு வழி கண்டார். "மழை பெய்யறப்போ மட்டும் குடை வாடகைக்கு எடுப்போம்." நெரிசலுக்கு வெளிக் கம்பெனி ஆட்கள் வருவார்கள், வடிந்ததும் போய்விடுவார்கள். அலுவலகத்தில் அவர்களுக்கு 'வாடகைக் கண்கள்' என்று பெயர்.

வாடகைக் கண்ணுக்குப் பார்வை இருக்கிறதா என்று பார்க்க, பூதக்கண்ணாடி சோதனைப் பிரதியில் தானே ஒரு பிழையை நட்டு வைப்பார். கண்டுபிடிப்பவருக்குத் தன் கையால் ஒரு டீ என்று எல்லோர் முன்னாலும் அறிவித்திருந்தார். வெளியீட்டுக்கு முன் பிழையைப் பிடுங்கிவிடுவார். இந்த முறை நட்டது இதுதான்: ஒருவர் நேரத்தை ரத்து செய்துவிட்டு மறுபடி பதிந்தால், அதே நாற்காலி இரண்டு பேருக்குப் போகும்.

அந்தப் பெண் வந்து உட்கார்ந்த இடம் சூடாகுமுன் அவர் மேசையருகே வந்து நின்றாள்.

"சார், ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் விழறாங்க."

அவருடைய ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன சுற்றில் அவர் நட்டதை அவர்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தன் பிள்ளைகள் தோற்ற இடத்தில் வாடகை ஜெயிப்பதா?

"அது அப்படித்தாம்மா இருக்கும். உங்களுக்கு இன்னும் பழகல."

அவள் பதிந்த புகாரை 'பிழை இல்லை' என்று எழுதி மூடினார். சாயங்காலம் பிடுங்கிவிடலாம் என்பது எண்ணம். அதற்குள் வேலை வெள்ளமாக வந்து அவர் மூளையை அடித்துக்கொண்டு போய்விட்டது. தலைவரே மூடியதை யார் திறப்பார்கள்? பிழை ஊருக்குள் போயிற்று.

விசாரணைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார், அது வெளி ஆள் பார்த்த பகுதிதானே என்று. பார்த்தது அவள்தான், பொய்யில்லை. பூதக்கண்ணாடியின் தலை தானாக ஆடியது. "அப்போ அடுத்த தடவை அந்தப் பொண்ணு வேணாம்" என்றார் மேனேஜர். தலை மறுபடியும் ஆடியது.

வீட்டுக்குப் போனால் மனைவி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு கன்னங்களில் ஒன்று அவளுடையது. திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"எந்தக் குருடன் பார்த்த வேலைங்க இது?"

வாடகைக்கு வந்தவர்கள் என்று முனகினார்.

"வாடகைக்கு வந்தவங்களா வீட்டுல ஓட்டை போட்டாங்க?" என்றாள், பல்வலியோடு.

மறுநாள் மேனேஜரின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் சிரித்தார். பெண் வரட்டும், ஆனால் விஷயம் இந்த அறையோடு போகட்டும், தலைவர் பெயர் கெட்டால் பிரிவுக்கே கெடுதல் என்றார். பூதக்கண்ணாடிக்கு அழுத்திய மூட்டை பாதி இறங்கியது. மீதியை அவர் இறக்கவில்லை.

அடுத்த நெரிசலில் அவள் வந்தாள். "தூக்கம் வருதா?" என்று யாரோ கேட்க, சாப்பாட்டறை சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை. பூதக்கண்ணாடி வாயைத் திறந்து, சோற்றைப் போட்டு மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு டீயை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனார்.

"அன்னைக்கு நீங்க கண்டுபிடிச்சதுக்கும்மா."

"நீங்கதானே சார் பிழை இல்லைன்னு மூடினீங்க?" திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "பிழை இல்லாததுக்கு எதுக்கு சார் டீ? சாப்பாட்டறையில எல்லார் முன்னாடியும் அதைத் திறங்க, குடிக்கிறேன்."

டீயில் ஆடை படிந்தது. அதன் பிறகு எத்தனையோ சுற்று வந்து போய்விட்டது. சாப்பாட்டறையில் அவர் இன்னும் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த டீ இன்னும் பாக்கி.