ஐம்பத்தொரு வயதில் அடித்த முதல் கட்

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் மகளின் கல்லூரியில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று தோழிகளோடு வகுப்பைக் கட் அடித்துவிட்டு அமராவதி டேமுக்குப் போய் மாட்டிக்கொண்டாள். அப்பா வந்து எழுதிக் கொடுத்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்றுவிட்டார்கள்.

நான் கல்லூரியில் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. அதற்காக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசு கொடுத்தார்கள். பிறகு அப்பாவின் ஹார்டுவேர் கடை. அதிலும் லீவு கிடையாது. மகளைத் திட்ட வாயெடுத்தால் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

எங்கும் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகிற ஆள் நான். கோவை உக்கடத்தில் 8.30க்கு உடுமலை பஸ் ஏறினேன். 9 மணிக்குக் கல்லூரி ஸ்டாப்.

“ஏனுங்க, எறங்கலீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க. உடுமலைக்கே ஒரு டிக்கெட் போட்டுடுங்க.”

காசை நீட்டினேன். எழுந்திருக்கவில்லை.

உடுமலை 10.20. அங்கிருந்து டேம் இருபத்தைந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், 22 ரூபாய். இறங்கியதும் டக்-இன் செய்திருந்த சட்டையை வெளியே இழுத்துவிட்டேன். அணைமேல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே ஒரு கடையில் பொரித்த மீன் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, எங்கிருக்கீங்க? சார் கேக்கறாருங்க.”

“பஸ்ஸு பஞ்சரு கண்ணு...”

“ஏனுங்க, மீனு ஆறுதுங்க!” என்று கடைக்கார அம்மா கத்தினார்.

“மீனா? எந்த மீனுங்கப்பா?”

“டேமுல இருக்கேன் அம்மணி. கட் அடிச்சுப்போட்டேன்.”

“யாரோடங்க?”

“நா மட்டுந்தான்.”

“தனியா யாராச்சும் கட் அடிப்பாங்களாங்கப்பா?”

சுருக்கென்றது. மூன்று வருடக் கல்லூரியில் ஒருத்தன்கூட என்னை ‘வர்றியா’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது, பாதியை வைத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: டேம் பஸ் அடிக்கடி கிடையாது, இறங்கும்போதே திரும்பும் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் ஒரு தட்டு 120 ரூபாய், இரண்டு பேருக்குத் தாராளம். இரண்டு பேராகவே போங்கள்.

மறுநாள் கல்லூரிக்குப் போய், மகள் இனி கட் அடிக்க மாட்டாள் என்று எழுதிக் கொடுத்தேன். என்னைப் பற்றி யாரும் எழுதி வாங்கவில்லை. கடைக்குத் திரும்பியதும், பதினைந்து வருடமாகப் பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

“செவ்வாக்கெழம கடையச் சாத்திப்போட்டு வர்றீங்களா?”

எங்கே என்றுகூடக் கேட்கவில்லை அவர்.

“எத்தன மணிக்குங்க?” என்றார்.